அப்பாவுக்கு மறதி நோய்... எனக்கும் வருமா? ஜீன் டெஸ்ட் சொல்லும் பதிலை எவ்வளவு நம்பலாம்?

பல்லடம் பக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் தறிக்குடோன், எட்டுத் தறி ஓடுகிறது. நாற்பது வருஷமாகக் கணக்கு வழக்கை மனசிலேயே வைத்திருந்த அப்பாவுக்கு இப்போது வயது 71. போன சனிக்கிழமை ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை வாரக்கூலி கொடுத்துவிட்டார். அதுக்கு முந்தின வாரம், தினமும் போய்வரும் பாதையில் வழி தெரியாமல் நின்றுவிட்டார். கோவைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் சொன்ன பெயர், அல்சைமர்.

கூடப் போன மகளுக்கு 43 வயது. அவர் கேட்ட கேள்வி அப்பாவைப் பற்றியது அல்ல. "எங்க அப்பாருக்கும் கடைசிக் காலத்துல இப்படித்தானுங்க இருந்துச்சு. இப்ப அப்பாவுக்கு. அப்ப எனக்கும் வருமுங்களா டாக்டர்?"

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தக் கேள்வி பல வீடுகளில் உண்மையாகவே கேட்கப்படுகிறது. 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கிறது. இன்னொரு பக்கம், எச்சிலைச் சின்னக் குழாயில் பிடித்து கூரியரில் அனுப்பினால் போதும், ஜீன் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடும் என்ற விளம்பரங்களும் வருகின்றன.

அந்த ரிப்போர்ட் உண்மையில் என்ன சொல்லும்? அதை வைத்து நமக்கான சிகிச்சையை மாற்ற முடியுமா? பார்க்கலாம்.

ஜீன் டெஸ்ட் எதைப் பார்க்குது?

நம் உடம்பில் சுமார் 20,000 மரபணுக்கள், அதாவது ஜீன்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ரெண்டு பிரதி. ஒன்று அப்பா கொடுத்தது, இன்னொன்று அம்மா கொடுத்தது. இதில் எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஜீன் டெஸ்ட். பிறக்கும்போது இருந்தது அப்படியே இருக்கும். அதனால் 20 வயதில் எடுத்தாலும் 70 வயதில் எடுத்தாலும் விடை ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்சைமர் ரத்தப் பரிசோதனை, ஜீன் டெஸ்ட் கிடையாது. ஏற்கெனவே அறிகுறி உள்ள 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் மூளையில் இப்போது நோயின் படிவு இருக்கிறதா என்பதற்கான தடயத்தை அது ரத்தத்தில் தேடுகிறது. ஜீன் டெஸ்ட், இனிமேல் வர வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கிறது. ரெண்டும் வேறு வேறு.

ஒரே டெஸ்ட்... மூணு விதமான பதில்

நரம்பு நோய்களைப் பொறுத்தவரை 1993 ஒரு முக்கியமான வருஷம். ஹண்டிங்டன் நோய், ஒரு வகை சிறுமூளைத் தேய்வு, வில்சன் நோய், ஏஎல்எஸ் எனப்படும் நரம்புத் தளர்ச்சி நோயின் ஒரு வகை ஆகியவற்றுக்கான ஜீன்கள் அந்த ஒரே வருஷத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. அல்சைமருக்கும் 'ஏபிஓஇ4' என்ற ஜீன் வகைக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததும் அதே வருஷம்தான்.

ஆனால் இந்த ஜீன்கள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. தறியை வைத்தே சொல்லலாம். தறியின் மெயின் ஷாஃப்ட் உடைந்தால் தறி நின்றுவிடும். அதுவே பாவில் நாலு இழை பலவீனமாக இருந்தால், அறுந்துபோக வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கவனமாக ஓட்டினால் துணி வந்துவிடும். ஜீனிலும் ஷாஃப்ட் உண்டு, இழையும் உண்டு.

முதல் வகை: ஏறக்குறைய உறுதியாகச் சொல்லும் ஜீன்

ஹண்டிங்டன் நோய் இதற்கு உதாரணம். ஒரே ஒரு ஜீனில் ஒரு சின்ன எழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். 40 தடவை, அதற்கு மேல் வந்தால் நோய் வருவது ஏறக்குறைய உறுதி. 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். அப்பா, அம்மா ரெண்டு பேரில் ஒருவருக்கு இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 'எஸ்சிஏ1' என்ற பரம்பரைச் சிறுமூளைத் தேய்வு நோய், ஒரு தமிழ்ச் சமூகத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை 2005-ல் 'நியூராலஜி இந்தியா' இதழில் வந்த ஆய்வு பதிவு செய்தது. இந்த நோய் வந்தவருக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும். விஷயம் தெரியாதவர்கள் "பகல்லயே குடிச்சுட்டு வர்றான்" என்று பேசிவிடுவார்கள். அப்பாவைவிட மகனுக்குக் குறைந்த வயதிலேயே வருவதும் இந்த நோயின் இயல்பு. தலைமுறை தாண்டும்போது அந்த எழுத்துத் துண்டின் எண்ணிக்கை கூடிவிடுவதுதான் காரணம்.

இந்த ரெண்டு நோய்களையும் நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அப்புறம் எதற்கு டெஸ்ட்? கல்யாணம், குழந்தை, வேலை, கடன் என்று வாழ்க்கையைத் திட்டமிட சிலருக்கு உதவும். சிலர் தெரிந்துகொள்ளவே விரும்ப மாட்டார்கள். உலக அளவில் ஹண்டிங்டன் ரிஸ்க் உள்ளவர்களில் பெரும்பாலானோர் டெஸ்ட் எடுப்பதில்லை. அதுவும் அவர்களுடைய உரிமைதான். 18 வயதுக்குக் கீழே இருக்கும், அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு இந்த மாதிரி டெஸ்ட் எடுக்கக் கூடாது என்பது சர்வதேச அளவில் பின்பற்றப்படும் நடைமுறை. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும் என்பதற்காக.

ரெண்டாவது வகை: தெரிந்தால் உயிரையே காப்பாற்றும் ஜீன்

வில்சன் நோய் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. சாப்பாட்டில் இருந்து வரும் செம்புச் சத்தை உடம்பால் வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் சேரும். பத்து, பதினைந்து வயதுப் பையனுக்குத் திடீரென்று கையெழுத்து கிறுக்கலாகும். எச்சில் வடியும், பேச்சு குழறும், கை நடுங்கும். சிலருக்கு மஞ்சள் காமாலை மாதிரி ஆரம்பிக்கும். "படிக்கப் பிடிக்காம நடிக்கிறான்" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளும் உண்டு.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன், செம்பு உள்ளே ஏறாமல் தடுக்கும் துத்தநாக மாத்திரை. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் மூளை பாதிப்பைத் தடுக்கலாம்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு வில்சன் உறுதியானால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க 25 சதவீத வாய்ப்பு. அவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். அக்காவுக்குக் கண்டுபிடித்ததால் தம்பி நோய் வராமலே தப்பிப்பது இந்த நோயில் நிஜமாகவே நடக்கும் விஷயம். செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிப்பது இப்போது பிரபலம். வில்சன் உள்ளவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

சொந்தத்தில் கல்யாணம்... இதில் எங்கே வருது?

வில்சன் நோய் வர, அப்பா கொடுத்த பிரதியும் அம்மா கொடுத்த பிரதியும் ரெண்டுமே பழுதாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பழுது என்றால் நோய் வராது, ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகலாம். இளம் வயதில் வரும் சில பார்க்கின்சன் வகைகளும் இதே மாதிரிதான்.

ரத்த உறவில் கல்யாணம் செய்யும்போது, இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. நாட்டிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று இது.

"நாங்க கூட்டம் பார்த்துத்தானுங்க பொண்ணு எடுக்கறோம்" என்று கொங்குப் பக்கம் சொல்வார்கள். கூட்டம் பார்ப்பது அப்பா வழி உறவைத்தான் தவிர்க்கிறது. அத்தை மகனும் மாமன் மகளும் வேறு கூட்டம்தான், ஆனால் ஜீனில் நெருங்கிய சொந்தம். சொந்தம் இல்லாவிட்டாலும், ஒரே வட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கும்போது ஜீன்கள் ஒன்றுபோல ஆகின்றன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 பிரிவுகளைப் பார்த்தது. அதில் 81 பிரிவுகளில் இந்த நெருக்கம், மரபணு நோய்களுக்காக உலகமே ஆராயும் பின்லாந்து மக்களைவிடவும் அதிகம் என்று தெரிந்தது.

இதனால் சொந்தத்தில் கட்டிய எல்லாருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. குடும்பத்தில் இளம் வயதில் நரம்பு நோய் வந்தவர் யாராவது இருந்தால், கல்யாணப் பேச்சுக்கு முன்னால் ஒரு ஜெனடிக் கவுன்சலிங் போய்வருவது நல்லது. அவ்வளவுதான்.

மூணாவது வகை: வாய்ப்பை மட்டும் சொல்லும் ஜீன்

இப்போது அந்த 43 வயது மகளின் கேள்விக்கு வருவோம். வயதான காலத்தில் வரும் அல்சைமர் இந்த வகைதான். பாவில் உள்ள பலவீனமான இழை.

ஏபிஓஇ ஜீனில் 2, 3, 4 என்று மூன்று வகை. 4-ம் வகை ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் வாய்ப்பு ரெண்டு, மூணு மடங்கு கூடும். ரெண்டு பிரதியும் 4 என்றால் 8 முதல் 12 மடங்கு வரை. இவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்களிடம் எடுத்த கணக்கு. நடிகர் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் தன்னிடம் ரெண்டு பிரதி இருப்பதாக 2022-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

மடங்கு என்றதும் பயம் வரும். ஆனால் 4-ம் வகை இருந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்ந்தவர்கள் ஏராளம். அது இல்லாமலே அல்சைமர் வந்தவர்களும் ஏராளம். 'உனக்கு வரும்' என்றோ 'வராது' என்றோ இந்த டெஸ்ட் சொல்லாது. 50, 55 வயதுக்குள்ளேயே ஒரே குடும்பத்தில் பலருக்கு அல்சைமர் வந்திருந்தால் மட்டும் கதை வேறு. அதற்குத் தனி ஜீன்கள் இருக்கின்றன, அவை முதல் வகை. மொத்த அல்சைமரில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

'ரிஸ்க் ஸ்கோர்' நம்ம ஊருக்குப் பொருந்துமா?

இப்போது ஒரு ஜீனை மட்டும் பார்க்காமல், நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் பாலிஜெனிக் ரிஸ்க் ஸ்கோர். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த மதிப்பெண் யாரை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதுதான். 2019 நிலவரப்படி, இந்த வகை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மைப் போன்றவர்களுக்கு அதே மதிப்பெண்ணைப் போட்டால் துல்லியம் குறைகிறது.

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய - அமெரிக்க ஆய்வு ஒரு நல்ல உதாரணம். 2000-ல் வந்த அதன் முடிவுகளில், ஏபிஓஇ4-ன் அளவு அந்தக் கிராமங்களில் 7 சதவீதமாகவும், ஒப்பிட்ட அமெரிக்கப் பகுதியில் 11 சதவீதமாகவும் இருந்தது. ஊருக்கு ஊர் ஜீன் கணக்கே மாறுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கும் வேலை நடக்கிறது. 2020-ல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 83 மக்கள் பிரிவுகளைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு ஜீன் தொகுப்பு படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதை ஒருங்கிணைத்த பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயதைத் தாண்டிய கிராம மக்கள் 10,000 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வையும் நடத்துகிறது. யாருக்கு மறதி வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதை நம் மண்ணிலேயே பார்த்தால்தான், நமக்கான ஸ்கோர் கிடைக்கும். அதுவரை எச்சில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் வரும் 'உயர் ரிஸ்க்', 'குறைந்த ரிஸ்க்' என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகிவிடவும் வேண்டாம்.

ஜீனைப் பார்த்து சிகிச்சை மாறுமா?

சில இடங்களில் ஏற்கெனவே மாறிவிட்டது. அல்சைமரின் ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் லெக்கனெமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. அதன் முக்கிய ஆபத்து மூளை வீக்கம். மருந்துச் சோதனையில், ஏபிஓஇ4 இல்லாதவர்களில் 5.4 சதவீதம் பேருக்கும், ஒரு பிரதி உள்ளவர்களில் 10.9 சதவீதம் பேருக்கும், ரெண்டு பிரதி உள்ளவர்களில் 32.6 சதவீதம் பேருக்கும் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. அதனால் பிரிட்டன் 2024-ல் அனுமதி கொடுத்தபோது, ரெண்டு பிரதி உள்ளவர்களுக்கு இந்த மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டது. இங்கே ஜீன் டெஸ்ட் ஜோசியம் சொல்லவில்லை. மருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று பிரித்துக் காட்டுகிறது.

ஏஎல்எஸ் நோயிலும் இப்படித்தான். 'எஸ்ஓடி1' ஜீன் பழுதால் நோய் வந்தவர்களுக்கு மட்டும், முதுகுத் தண்டுவட நீரில் செலுத்தும் டோஃபர்சென் மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்த ஜீன் என்று தெரியாமல் அந்த மருந்தைக் கொடுக்கவே முடியாது.

ஜீன் சரியில்லைன்னா... அவ்வளவுதானா?

இல்லை. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 1,96,383 பேரைச் சுமார் 8 வருஷம் கவனித்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஜீன் ரிஸ்க் அதிகம், பழக்கவழக்கமும் சரியில்லை என்ற பிரிவில் 10,000-க்கு 178 பேருக்கு டிமென்ஷியா வந்தது. அதே ஜீன் ரிஸ்க், ஆனால் நடை, சாப்பாடு, புகை, மது ஆகியவற்றில் ஒழுங்காக இருந்தவர்களில் 113 பேர். பழக்கம் மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திசை தெளிவு.

லான்செட் இதழின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், புகை, தலைக்காயம், தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. பல்லடத்துக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, காது கேளாமை. தறிச் சத்தத்தில் பல வருஷம் வேலை செய்தால் காது மந்தமாகும். காதில் அடைப்பான் போட்டுக்கொள்வதும், மந்தமானால் காது மெஷின் வைப்பதும் மூளைக்கும் செய்யும் உதவி. பைக்கில் போகும்போது போடும் ஹெல்மெட்டும் அப்படித்தான்.

பிரஷரும் சுகரும் பார்க்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

டெஸ்ட் எடுக்கும் முன்னால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. யாருக்கு முதலில் டெஸ்ட்? முடிந்தவரை நோய் வந்தவருக்குத்தான். அவரிடம் என்ன பழுது என்று தெரியாமல் ஆரோக்கியமானவரைச் சோதித்தால், விடை பாதிதான்.

2. இது உண்மையிலேயே மறதி நோயா? வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றைச் சரிசெய்ய முடியும்.

3. ரிசல்ட் வந்தால் என்ன மாறும்? மருந்து, கல்யாணம், குழந்தை, கூடப்பிறந்தவர்களின் பரிசோதனை என்று ஏதாவது ஒன்று மாறும் என்றால் எடுங்கள். ஒன்றுமே மாறாது என்றால், பயத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

4. யாருக்கெல்லாம் தெரியும்? உங்கள் ரிசல்ட் உங்கள் தம்பிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பேசும். இன்சூரன்ஸ் விஷயத்தில், மரபணு நோய் என்ற ஒரே காரணத்துக்காக கிளைம் மறுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2018-ல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் அமெரிக்காவில் 2008 முதல் இருப்பது போல, மரபணுப் பாகுபாட்டுக்கு எதிரான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

5. விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிறாரா? டெஸ்டுக்கு முன்னும் பின்னும் ஜெனடிக் கவுன்சலிங் வேண்டும். முதலில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். மரபணு சார்ந்த ஆலோசனைக்கு வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் தனித் துறைகளும் நிபுணர்களும் இருக்கிறார்கள்.

அப்ப அந்த மகள் என்ன செய்யணும்?

அப்பாவுக்கு 71 வயதில் வந்திருக்கிறது, தாத்தாவுக்கும் கடைசிக் காலத்தில்தான். இந்தக் கணக்கில் மகளுக்கு ஏபிஓஇ டெஸ்ட் அவசியம் இல்லை. எடுத்தாலும், டாக்டர் சொல்லப்போகும் அறிவுரை மாறாது. பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், காது நாலையும் இந்த மாதமே பார்க்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். அப்பாவுக்கு பி12, தைராய்டு பார்த்தாச்சா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கணக்கு நோட்டையும் பேங்க் வேலையையும், அவர் மனசு நோகாமல், அவர் தெளிவாக இருக்கும்போதே மெதுவாகக் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

இதே வீட்டில் 15 வயதுப் பையனுக்குக் கை நடுங்கினாலோ, 40 வயதில் ரெண்டு பேருக்கு நடை தள்ளாடினாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது. அங்கே ஜீன் டெஸ்ட் தேவைப்படும், சில நேரம் அவசரமாகவே.

முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் மனச்சோர்வுக்கு டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. டெஸ்ட், மருந்து எதையும் டாக்டரின் ஆலோசனை இல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.)